நோர்வேயில் நாய் வண்டி நெடுந்தூரப் பந்தயம்: ஹாண்ட்லராகப் போகலாமா?

கல்லடிக்காரி, மட்டக்களப்பு:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லடியில் வசிக்கிறேன். தெருநாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடும் வேலைகளில் தொண்டராகச் சேர்ந்து, நாய்களைப் பிடித்துக் கொடுப்பதிலும் அவற்றின் புண்களுக்கு மருந்து கட்டுவதிலும் ஓரளவு பழகியிருக்கிறேன். என் சின்னம்மாவின் குடும்பம் நோர்வேயின் வடகோடியிலுள்ள அல்டா நகரில் இருக்கிறது. வரும் மார்ச் மாதம் அவர்களைப் பார்க்கப் போக எண்ணியுள்ளேன். அவர்களுடைய அயலவர் ஒருவர் பனிச்சறுக்கு வண்டியில் நாய்களைப் பூட்டி ஓட்டுபவர். அதே மாதம் அல்டாவில் தொடங்கும் பின்மார்க்ஸ்லோப்பெட் என்ற பந்தயத்தில் அவர் 14 நாய்களுடன் கலந்துகொள்கிறார். எனக்கு நாய்களுடன் பழக்கம் உண்டு என்று சின்னம்மா சொன்னதைக் கேட்டு, ஹாண்ட்லராக, அதாவது ஓட்டியின் உதவியாளராக, கூட வரும்படி அழைத்திருக்கிறார்.

ஹாண்ட்லர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்? மார்கழி மழைக்கே போர்வை தேடுகின்ற ஊரில் வளர்ந்த ஒருத்தி அந்தக் குளிரில் பயன்படுவாளா? இவற்றைவிட என் மனதை அரிக்கும் கேள்வி இன்னொன்று உண்டு. ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நாய்களை ஓடவிடுவது நியாயமா என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

எழுவான்கரை, பின்மார்க்:

தங்கச்சி, நான் கல்லாற்றில் பிறந்தவன். எண்பதுகளில் இந்த வட நோர்வேயின் கரையோர ஊர்களின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த நம்மவர்களில் என் தமையனும் ஒருவர். அவர் வழியாக நானும் இங்கே வந்து சேர்ந்தேன். இந்தப் பந்தயத்தில் ஹாண்ட்லராக நின்ற அனுபவம் எனக்கு உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1981 இல் மூன்றே மூன்று ஓட்டிகளுடன் தொடங்கிய பந்தயம் இது. இன்று அதன் நீண்ட பிரிவு ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். அல்டாவில் புறப்பட்டு, ரஷ்ய எல்லைக்கு அண்மையிலுள்ள கிர்கெனெஸ் வரை கிழக்கே சென்று திரும்புவது அதன் வழக்கமான பாதை. ஓட்டியும் நாய்களும் காடு, மலைமேடு, உறைந்த ஆறு வழியாக வருவார்கள். நீங்கள் வாகனத்தில் வீதிவழியே முன்னதாகப் போய் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் காத்திருப்பீர்கள். அவர்கள் இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் நீங்கள் விழித்திருக்க வேண்டும். அவர்கள் நான்கு மணிநேரம் தாமதித்தாலும் அங்கேயேதான் நிற்க வேண்டும். நாய்கள் ஓடும் காட்சியை நீங்கள் காண்பது புறப்படும் இடத்திலும், தரிப்பிடங்களுக்கு வந்து போகும் சில நிமிடங்களிலும் மட்டுமே. அதற்காகவே போவதாக இருந்தால் ஏமாற்றம் மிஞ்சும்.

வேலையின் பெரும்பகுதி பந்தயத்திற்கு முன்பே நடந்துவிடுகிறது. உறைந்த இறைச்சியையும் மீனையும் கொழுப்பையும் துண்டுகளாக வெட்டி, எந்தத் தரிப்பிடத்திற்கு எந்தப் பை என்று எழுதிக் கட்ட வேண்டும். கடும் பந்தயத்தில் ஒரு நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 10,000 கலோரி தேவைப்படுகிறது. அந்த நாயின் எடையோ 20 முதல் 25 கிலோகிராம்தான் இருக்கும். பாதங்களுக்குப் போடும் துணிச் சப்பாத்துகளையும் எண்ணிப் பாருங்கள்: 14 நாய்களுக்கு ஒரு தடவை போடுவதற்கே 56 வேண்டும். அவை கிழியும், நனையும், மாற்ற வேண்டிவரும். ஆகவே நூற்றுக்கணக்கில் அடுக்கி எடுத்துச் செல்கிறார்கள். குளிரில் விரல் விறைத்திருக்கும்போது அவற்றின் ஒட்டுப்பட்டியை அளவாக இறுக்குவது ஒரு கைத்திறன். இறுக்கம் கூடினால் இரத்த ஓட்டம் தடைப்படும். தளர்ந்தால் சப்பாத்து பனியில் கழன்றுவிடும். பந்தயத்திற்கு முன் சில நாட்கள் அந்த அயலவரின் நாய்களில் இதைப் பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாயின் பெயரையும், அது முன்னணியில் ஓடுவதா, வண்டிக்கு நெருக்கமாக ஓடுவதா என்பதையும் அப்போதே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

புறப்படும் இடத்தில் பொறுப்பு அதிகம். பூட்டிய நாய்கள் குரைத்துத் துள்ளி முன்னால் பாயும். வண்டியைப் பனியில் குத்தும் கொக்கி மட்டும் அவற்றைத் தடுக்காது. அதனால் ஆட்கள் நாய்களைப் பூட்டிய நடுக்கயிற்றின் இருபுறமும் நின்று சோடி சோடியாகப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். கயிற்றை உங்கள் கையில் ஒருபோதும் சுற்றாதீர்கள்; இரண்டு காலுக்கும் நடுவே கயிறு போகும்படி நிற்கவும் வேண்டாம்.

தரிப்பிடத்தில்தான் ஹாண்ட்லரின் உண்மையான சோதனை இருக்கிறது. வந்த நாய்களுக்கு வைக்கோல் விரிப்பதும், சூடான இறைச்சிக் கஞ்சி கொடுப்பதும், பாதங்களைத் தடவிப் பார்ப்பதும் முதன்மையாக ஓட்டியின் கடமை. அவர் தூக்கக் கலக்கத்தில் தடுமாறுவதை அருகில் நின்று பார்ப்பீர்கள். உதவத் துடிப்பீர்கள். ஆனால் விதி அனுமதிக்காத இடத்தில் ஒரு கயிற்றைப் பிடித்துக் கொடுத்தாலும் தண்டனை ஓட்டிக்கே வரும். அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை எழுத்தெண்ணிப் படியுங்கள். புறப்படுவதற்கு முன் நடக்கும் கூட்டத்திலும் கட்டாயம் இருங்கள். ஓட்டி மீண்டும் கிளம்பிய பின் வைக்கோலையும் கழிவையும் கூட்டி அள்ளி, அந்த இடத்தைத் துப்புரவாக்கிவிட்டு அடுத்த தரிப்பிடத்திற்கு ஓடுவது உங்கள் பங்கு.

குளிரைப் பற்றிப் பயப்படாதீர்கள், ஆனால் மதியுங்கள். வழியிலுள்ள கராசொக் ஊரில் 1886 இல் மைனஸ் 51.4 பாகை பதிவானது. நோர்வேயில் அதைவிடத் தாழ்ந்த அளவு இன்றுவரை பதிவாகவில்லை. மார்ச் மாதத்தில் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் இரவில் மைனஸ் 20, 30 வரலாம். உடலோடு ஒட்டும் உடுப்பு கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்து உங்களை உறைய வைக்கும். சப்பாத்தை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். மெல்லிய கையுறையின் மேல் தடித்த கையுறை போடுங்கள். மெல்லியது இறைச்சி நீரில் நனைந்துகொண்டே இருக்கும், ஆகவே பல சோடிகள் வேண்டும். நெற்றி விளக்கின் பற்றரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். வெறுங்கையால் உலோகக் கொழுவியைத் தொடாதீர்கள்.

பனிவீதியில் வாகனம் ஓட்டுவதற்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம். புயல் நேரங்களில் இங்கே பனி அள்ளும் வாகனத்தின் பின்னால் வரிசையாகத்தான் மலைவீதிகளைக் கடக்க விடுவார்கள்; பழகியவர்களுக்கே அது கடினம்.

யூக்கொன் வாசி, வைட்ஹோர்ஸ்:

சொந்த ஊர் காரைதீவு. இப்போது கனடாவில் இருக்கிறேன். எழுவான்கரை அண்ணன் சொன்ன விதி விடயத்தை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் நகரத்திற்கும் அலாஸ்காவின் ஃபெயார்பேங்ஸ் நகரத்திற்கும் இடையே 1984 முதல் 2020 வரை நடந்த யூக்கொன் குவெஸ்ட் பந்தயத்தின் தூரம் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். அதில் பாதிவழியான டோசன் நகரில் மட்டுமே, நீண்ட கட்டாய ஓய்வின்போது, ஹாண்ட்லர்கள் நாய்களைப் பொறுப்பேற்க முடிந்தது. அங்கே கூடாரமடித்து வைக்கோல் பரப்பி, ஓட்டியைத் தூங்க அனுப்பிவிட்டு, நாய்களுக்கு உணவளித்து, கால்களைத் தேய்த்துவிட்டு, சிறிது நடக்க வைப்பார்கள். மற்றத் தரிப்பிடங்களில் அவர்கள் நாய்களுக்குக் கைகொடுக்க முடியாதிருந்தது. அலாஸ்காவின் இடிட்டரொட் பந்தயத்திலோ பாதையின் பெரும்பகுதிக்கு வீதியே இல்லை. அதனால் ஹாண்ட்லர்கள் பின்தொடர்வதில்லை, பந்தயத்திலிருந்து விலக்கப்படும் நாய்களைத் தொண்டர் விமானிகள் சிறு விமானங்களில் ஏற்றி வருகிறார்கள். ஒரு பந்தயத்தின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கால்நடைக்காரர், அம்பாறை:

மகள், நான் அம்பாறை மாவட்டத்தில் கால்நடை வைத்தியத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பந்தயத்தை நேரில் கண்டதில்லை. ஆனால் இந்த நாய்களின் நோய்கள் பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கு என்னால் இயன்றதை எழுதுகிறேன்.

இழுத்து ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட நாய்கள் இவை. ஓட விருப்பமில்லாத நாயை ஆயிரம் கிலோமீற்றர் இழுக்க வைக்க எவராலும் முடியாது. ஆயினும் விருப்பம் இருப்பதால் துன்பம் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. நெடுந்தூரப் பந்தயங்களில் நாய்கள் இறந்திருக்கின்றன. விலங்கு நல அமைப்புகள் பல இவற்றைக் கடுமையாக எதிர்க்கின்றன. அவர்களுடைய வாதங்களைப் புறந்தள்ள முடியாது. தரிப்பிடங்களில் மிருக வைத்தியர்கள் இதயத்துடிப்பு, நீரிழப்பு, மணிக்கட்டு, தோள், பாதம் எல்லாவற்றையும் பார்த்து, தகுதியற்ற நாயை நிறுத்துகிறார்கள். ஒரு தடவை விலக்கப்பட்ட நாய் மீண்டும் ஓட முடியாது. அதற்குப் பதிலாக வேறு நாயைச் சேர்க்கவும் முடியாது.

அப்படி விலக்கப்படும் நாய் வந்து சேர்வது ஹாண்ட்லரின் கையில். அது உங்களுக்கு வேலை அதிகரிக்கும் தொல்லை அல்ல. நீங்கள் அங்கே இருப்பதன் காரணமே அதுதான் என்பது என் கருத்து. வைத்தியர் சொன்ன மருந்தையும் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். வாகனத்திலுள்ள நாய்ப் பெட்டிக்குள் விட்டுவிட்டு மறந்துவிடாமல் சில மணிநேரத்திற்கு ஒரு தடவை இறக்கி நடக்க வைத்து, சிறுநீரைப் பாருங்கள். வெண்பனியில் அது தெளிவாகத் தெரியும். தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். உடனே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். கடுமையாக ஓடும் நாய்களுக்கு இரைப்பைப் புண் வருவது சாதாரணம். வாந்தியோ மலமோ கறுத்திருந்தால் உள்ளே இரத்தம் கசிகிறது. வாந்தி எடுத்த நாய் பிறகு இருமினால் நுரையீரலுக்குள் உணவு போயிருக்கலாம். சாப்பிட மறுப்பதைச் சோர்வு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். பல் முரசு வெளுத்திருக்கிறதா என்று பார்க்க உங்களுக்குத் தெரியும். தெருநாய்களிடம் கற்ற அந்தப் பழக்கம் அங்கே மிகவும் உதவும்.

இன்னொரு விடயம். இங்கு நாய்களைக் கையாண்ட சப்பாத்தையும் உடுப்பையும் அங்கே கொண்டு போகாதீர்கள். நம் ஊர் ஒட்டுண்ணிகளும் கிருமிகளும் அந்த நாய்களுக்குப் புதியவை.

கல்லடிக்காரி, மட்டக்களப்பு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விலக்கப்பட்ட நாய்களைப் பற்றி ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வேலைக்கென்றால் போ என்கிறார். இன்னும் இரண்டு கேள்விகள். நான் பார்வையாளர் விசாவில் வருவதால் இந்த உதவிக்குத் தடை உண்டா? அழைத்தவர் நாய்களை நல்லபடி நடத்துபவர்தானா என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது?

எழுவான்கரை, பின்மார்க்:

விசாவில் கவனமாக இருங்கள், தங்கச்சி. பார்வையாளர் விசா வேலைக்கானது அல்ல; நோர்வேயில் சம்பளமில்லாத வேலைக்கும் அனுமதி கேட்கப்படலாம். குடிவரவுத் திணைக்களமான யூடிஐக்கு, எத்தனை நாள், என்ன உதவி, ஊதியம் இல்லை என்பதை விளக்கி எழுதி, பதிலை எழுத்தில் பெற்ற பிறகே விசாவுக்கு விண்ணப்பியுங்கள். நோக்கத்தை மறைத்து வந்தால் சின்னம்மாவுக்கும் சிக்கல் வரும். அனுமதி கிடைக்காவிட்டால் பார்வையாளராக நின்று பாருங்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

அந்த மனிதரைப் பற்றி அறிய, ஓட முடியாத வயது வந்த நாய்கள் அவரிடம் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். பெயர் சொல்லி, இது வீட்டுக்குள் படுக்கிறது, அது இன்னாரிடம் வளர்கிறது என்று பதில் வந்தால் நல்லது. கடந்த பந்தயத்தில் எந்த நாயை, எங்கே, ஏன் விலக்கினார் என்றும் கேளுங்கள். அதைத் தயக்கமின்றிச் சொல்பவருடன் நம்பிப் போகலாம். சின்னம்மாவை ஒருநாள் முன்னறிவிப்பின்றி அவருடைய நாய் முற்றத்திற்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வைக்கோல் காய்ந்திருக்கிறதா, நாய்கள் ஆளைக் கண்டதும் நெருங்கி வருகின்றனவா, ஒதுங்கிப் பதுங்குகின்றனவா என்பதை அவர் பார்த்து வந்தால், மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.