பெங்களூருக்கு எது சரி: அப்பாவின் ஹெரால்டா, மைத்துனரின் 911ஆ?

அல்சூர்க்காரன்:
அப்பா 1968-இல் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மெட்ராஸில் தயாரான வண்டி, எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. எஞ்சின் சுற்றுகிறது, பிரேக் பிடிக்காது. என் மைத்துனர் சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே 911 கரேரா ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தார். அதில் ஒரு சுற்று போய்விட்டு வந்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாட்டு: "அந்தத் தகர டப்பாவுக்குச் செலவு பண்ணாதே." ஓட்டுகிற சுகம் ஹெரால்டில்தான் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் வரலாம்.

டர்போ_தம்பி:
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹெரால்ட் 948 சிசி, 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாது. 2019-இல் வந்த தலைமுறை கரேரா என்றால் மூன்று லிட்டர், இரட்டை டர்போ, 385 குதிரைத்திறன். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு நாலு விநாடி சொச்சம். நீங்கள் ஹெப்பால் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் நான் ஏர்போர்ட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

ஜேசிரோடு_வாசி:
காலை ஒன்பது மணிக்கு ஹெப்பாலில் உங்கள் 385 குதிரையும் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால்தான் நிற்கும் தம்பி. மைசூரு விரைவுச்சாலையில் வரம்பு 100, மேலே கேமரா. எட்டு கியர் இருந்து என்ன, மூன்றாவதுக்குள் சட்டம் முடிந்துவிடுகிறது. அதே சாலையில் ஹெரால்டின் மூன்றாவது கியரைக் கடைசிவரை மிதிக்கலாம், அபராதம் வராது. 70-இல் போனாலே வண்டி முழுக்க அதிரும், ஸ்டீயரிங் கையோடு பேசும்.

இன்னொன்று. ஹெரால்ட் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். 911-க்கு 35 அடிக்கு மேல் வேண்டும். அல்சூர் சந்துகளில் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பானெட்டை இரண்டு பக்க மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்த்தால், முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். 911-இல் பின்மூடியைத் திறந்தால் எஞ்சினே சரியாகக் கண்ணில் படாது.

வொயிட்ஃபீல்ட்_அக்கா:
எல்லோரும் வண்டி ஓடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், நிற்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. டிரம் பிரேக், ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. முன்னால் போகிற பிஎம்டிசி பஸ் சட்டென்று நின்றால் என்ன செய்வீர்கள்? அதைவிடப் பயம் அந்தப் பின்பக்க ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிற அச்சு. வளைவில் வேகமாக நுழைந்து, பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கி வால் வீசிவிடும். நந்தி மலை வளைவுகளில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இதில் நான் போகமாட்டேன்.

ஜேசிரோடு_வாசி:
அக்கா, வால் வீசுவதில் பழைய 911-ம் சளைத்ததில்லை. எஞ்சினையே வாலில் வைத்த வண்டி அது. 1964-இலிருந்து டயரை அகலமாக்கி, சஸ்பென்ஷனை மாற்றி, கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் போட்டுத்தான் அதை அடக்கினார்கள். இன்றைக்கு உங்களைக் காப்பாற்றுவது கம்ப்யூட்டர். அது கெட்டால் டயக்னாஸ்டிக் ஸ்கேனர் இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட முடியாது.

வொயிட்ஃபீல்ட்_அக்கா:
யார் காப்பாற்றினால் என்ன, உயிரோடு வீடு வந்தால் போதும்.

டர்போ_தம்பி:
சரி, பெட்ரோலுக்கு வருவோம். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1968 ரப்பர் குழாயும் ஃப்யூயல் பம்ப் டயஃப்ரமும் அதைத் தாங்குமா? வண்டி மாதக்கணக்கில் நின்றால் எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்கில் துரு வேறு. அந்தக் காலத்து எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது, ஈயம் இல்லாவிட்டால் வால்வு உட்காரும் சீட் தேயும். முழுப் பலத்தையும் பார்க்க வேண்டுமென்றால் 911-ஐச் சென்னைப் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போகலாம். ஹெரால்டை எங்கே கொண்டு போவீர்கள், கண்காட்சிக்கா?

ஜேசிரோடு_வாசி:
எத்தனால் தாங்கும் குழாயும் டயஃப்ரமும் 911-இன் ஒரு டயர் விலைகூட வராது. ஹெட்டைக் கழற்றும்போது கெட்டியான வால்வு சீட் போட்டுவிட்டால் அந்தத் தலைவலியும் தீர்ந்தது. முந்நூறு கிலோமீட்டர் போய் டிராக்கில் ஓட்டத்தான் ஒரு கார் என்றால், மற்ற நாளில் அது யாருக்காக நிற்கிறது?

அல்சூர்க்காரன்:
கண்காட்சி என்றதும் ஞாபகம் வருகிறது. 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிந்து 'விஏ' நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்புறம் அன்றாடம் ஓட்டக்கூடாது. பேரணி, கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவ்வளவுதான் அனுமதி. எனக்கு அது வேண்டாம். பழைய நம்பரையே புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். அக்கா சொன்னதற்காக பிரேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், சீட் பெல்ட்டும் சேர்த்து. பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் எங்கே கிடைக்கும்?

ஜேசிரோடு_வாசி:
உள்ளே இருக்கும் ரப்பர்களை மாற்றினால் (ரீகிட்) மட்டும் போதுமா என்று முதலில் பாருங்கள். சிலிண்டர் உள்சுவரில் துருக்குழி இருந்தால் உள்ளே புதுக் குழாய் (ஸ்லீவ்) போட்டுத் தருகிறவர்கள் இங்கே ஜே.சி. ரோட்டிலேயே இருக்கிறார்கள். சனிக்கிழமை கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

டர்போ_தம்பி:
அண்ணா, மைத்துனர் 911-ஐ விற்கும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.