தூங்க வைக்காத ஒவ்வாமை மாத்திரை: தேவையா, வியாபாரமா?

டர்பன் லாரிக்காரர்:
இங்கே தென்னாப்பிரிக்காவில் கரும்பு எரிக்கும் காலம் வந்தால் எனக்குத் தும்மல்தான். அப்பா காலத்திலிருந்தே குளோர்ஃபெனிரமின் என்ற பழைய ஒவ்வாமை மாத்திரைதான். இப்போது கடையில் தூங்க வைக்காத புதுசு என்று ஃபெக்சோஃபெனடின் வாங்கச் சொல்கிறார்கள், விலையோ பல மடங்கு. மற்ற புது மாத்திரைகளும் அப்படித்தான். லெவோசெடிரிசின் என்பது செடிரிசினில் கலந்திருக்கும் இரண்டு கண்ணாடிப் பிம்ப மூலக்கூறுகளில் ஒன்று, அதாவது அதில் பாதி. டெஸ்லோராடடின் என்பது லோராடடின் உடம்புக்குள் போய் மாறும் பொருள். பழைய சரக்குக்குப் புதுப் பெயர் வைப்பதெல்லாம் ஆராய்ச்சியா?

மருந்துக்கடை அக்கா:
அண்ணா, அந்த இரண்டில் உங்கள் பேச்சு பெரும்பாலும் சரி. 5 மி.கி. லெவோசெடிரிசின் செய்வதை 10 மி.கி. செடிரிசினும் செய்துவிடும். ஃபெக்சோஃபெனடின் கதை வேறு. முதலில் வந்தது டெர்ஃபெனடின். கல்லீரல் அதை ஃபெக்சோஃபெனடினாக மாற்றும். கூடவே எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோ கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தோ சாப்பிட்டால் அந்த மாற்றம் தடைபடும், டெர்ஃபெனடின் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கும். உயிர்ப்பலியும் உண்டு. 1998-இல் அமெரிக்கச் சந்தையை விட்டே போனது. மாறிய பொருளையே நேராகக் கொடுத்ததில் அந்த ஆபத்து நீங்கியது.

(புகை கிளப்புவது பெரும்பாலும் எரிச்சல், ஒவ்வாமை அல்ல. அதற்கு எந்த மாத்திரையும் அவ்வளவாகக் கேட்காது. வீட்டுத் தூசியையும் பாருங்கள்.)

டர்பன் லாரிக்காரர்:
நான் டெர்ஃபெனடின் கேட்கவே இல்லையே! என் மாத்திரையில் தூக்கம் வரும், அவ்வளவுதான். ராத்திரி போட்டால் காலையில் தெளிந்துவிடும்.

மருந்துக்கடை அக்கா:
எங்கே தெளியும்? பெரியவர்களுக்கு அது இரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 20 மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டது காலையில் வான் ரீனன்ஸ் கணவாயிலும் உங்களோடு வரும். 2000-இல் வெளிவந்த அயோவா ஆய்வில் ஒவ்வாமை உள்ள 40 பேரைப் பாவனை வண்டியில் ஓட்ட வைத்தார்கள். பழைய வகையான டைஃபென்ஹைட்ரமின் போட்டபோது, மது குடித்து ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். ஃபெக்சோஃபெனடினுக்கும் வெற்று மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தூக்கம் வருகிறதா என்று அவர்களையே கேட்டார்கள். அந்தப் பதிலை வைத்து யார் தடுமாறுவார் என்று கணிக்க முடியவில்லை.

டர்பன் லாரிக்காரர்:
40 பேர், அதுவும் என் மருந்து இல்லை.

மருந்துக்கடை அக்கா:
மருந்து வேறு, குணம் ஒன்று. இரண்டுமே மூளைக்குள் நுழையும். நம்மை விழிப்பாக வைப்பதே அங்குள்ள ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள்தான், அதன் வேலையைத்தான் இந்த மாத்திரைகள் தடுக்கும்.

பீனிக்ஸ் பையன்:
எனக்கு ஃபெக்சோ வேலையே செய்யவில்லை. ஆரஞ்சுச் சாறோடுதான் விழுங்குகிறேன்.

மருந்துக்கடை அக்கா:
தம்பி, ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாறு எல்லாம் அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். தண்ணீரோடு போட்டுப் பார்.

டர்பன் லாரிக்காரர்:
சரி, ஓட்டும் நாளில் புதுசு, ஞாயிற்றுக்கிழமை பழசு.

மருந்துக்கடை அக்கா:
திங்கள் விடியற்காலை எத்தனை மணிக்கு அண்ணா வண்டி எடுப்பீர்கள்?