மாடிப் பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை: எந்த மெஷ் வாங்கலாம்? (திருநகர், 3 சென்ட், இரண்டு தளம்)

திருநகர்வாசி:

வணக்கம். வீடு மதுரை திருநகரில், 3 சென்ட் இடம். தரைத்தளம் 900 சதுர அடி, மாடியும் அதே அளவு. அகலம் 20 அடி, நீளம் 45 அடி. ரயில் பெட்டி மாதிரி வாசலிலிருந்து கொல்லை வரை அறை அறையாகப் போகும். 9 இன்ச் செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். ஃபைபர் இணைப்பு 200 எம்பிபிஎஸ். ஓஎன்டி பெட்டி (ஃபைபர் வந்து சேரும் மோடம்) முன் ஹாலில் வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருக்கு.

ஹாலில் 190 வருது, சமையலறையில் 40. மாடிப் பின்னறையில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை மட்டும் பிடிச்சு 6, 8-னு இழுக்குது. ஆபீஸ் வேலை நடப்பது அந்த அறையில்தான். மொட்டை மாடிக் கதவு பக்கம் ஒரு கேமராவும் இருக்கு. பட்ஜெட் 12,000. மெஷ்ஷில் (பல வைஃபை பெட்டிகள் சேர்ந்து ஒரே நெட்வொர்க் கொடுப்பது) மூணு பெட்டி செட் வாங்கணுமா, ரெண்டு போதுமா? ட்ரை-பேண்ட் அவசியமா? இப்ப இருக்கிற ஓஎன்டியை என்ன செய்வது?

கேபிள்பித்தன்:

பிராண்டை அப்புறம் பார்ப்போம். கீழே இருந்து மாடிக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் ஏற வழி இருக்கா? முதல்ல அதைச் சொல்லுங்க.

காரணம் இதுதான். கான்கிரீட் தளத்துக்குள்ள கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் கட்டித்தான் போட்டிருப்பாங்க. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை அந்த வலையைத் தாண்டி வரும்போது நொந்துதான் வரும். ஏசி1200 (வைஃபை 5) பெட்டியின் அட்டையில் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு 867-னு போட்டிருக்கும். தளத்தைத் தாண்டினதும் இணைப்பு 300-க்கு இறங்குதுனு வைங்க. கைக்குக் கிடைப்பது அதில் பாதி சொச்சம். அப்புறம் மாடிப் பெட்டி அதே ரேடியோவை வச்சுத்தான் கீழ்ப்பெட்டிகிட்ட வாங்கவும் செய்யணும், உங்க லேப்டாப்புக்குக் கொடுக்கவும் செய்யணும். ஒரே நேரத்தில் ரெண்டும் முடியாது, அதனால மறுபடி பாதி. 200-க்குப் பணம் கட்டி 70, 80 பார்ப்பீங்க. ட்ரை-பேண்டில் பெட்டிகள் பேசிக்க தனி ரேடியோ உண்டு, அதனால இந்த ரெண்டாவது பாதி இழப்பு குறையும். ஆனா தளம் தளம்தான். கேபிள் போட்டா சாதா டூயல்-பேண்டே முழு 200-ஐ மேல ஏத்திடும், ட்ரை-பேண்ட் தேவையே இல்ல.

வழி தேடும்போது முதல்ல டிடிஹெச் பைப்பைப் பாருங்க. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஹால் டிவி வரைக்கும் சுவருக்குள்ள பைப் விட்டிருப்பாங்க. உள்ளே இருக்கிற பழைய கோஆக்சியல் (டிஷ்) ஒயரின் முனையில கேட்6 நெட்வொர்க் கேபிளை இன்சுலேஷன் டேப்பால வழவழப்பா, கூம்பு மாதிரி சுத்திக் கட்டி, ஒருத்தர் இழுக்க ஒருத்தர் தள்ளினா ஏறிடும். ஆர்ஜே45 தலையை (முனையில மாட்டுற பிளாஸ்டிக் பிளக்) மாட்டிட்டு இழுக்காதீங்க, வளைவில சிக்கும். இழுத்து முடிச்சப்புறம் தலையை வச்சு அழுத்தி கிரிம்ப் பண்ணுங்க. 230 வோல்ட் லைன் ஓடுற பைப்புக்குள்ள மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீங்க, எலக்ட்ரீசியன் "ஒண்ணும் ஆகாது சார்"னு சொன்னாலும்.

கேபிள் வாங்கும்போது கடையிலேயே ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ளேயும் செம்பு நிறமா இருந்தா சரி. வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு பூசின அலுமினியம். மலிவா கிடைக்கும், கிரிம்ப் பண்ற இடத்துல ஒடியும், ஆறு மாசம் கழிச்சு "நெட் விட்டு விட்டு வருது"னு நிப்பீங்க.

நரிமேடு_நெட்:

கேபிள்பித்தன் அண்ணே சொன்னதை வழிமொழிகிறேன். பெட்டித் தேர்வு பற்றி நான் சொல்கிறேன்.

ரெண்டே போதும். 900 சதுர அடிக்கு ஒன்று. மூன்றாவதை வாங்கினால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பெட்டிகள் ஒன்றையொன்று இரைச்சலாகக் கேட்கும், போனும் எதைப் பிடிப்பது என்று தடுமாறும். ஆனால் இடம் முக்கியம். 45 அடி நீள வீட்டில் வாசலில் ஒன்று வைத்தால் பாதி சிக்னல் தெருவுக்குத்தான் போகும். கீழ்ப்பெட்டி நடு ஹாலில், மாடிப்பெட்டி பின்னறைக்கு முந்தின அறையில் அல்லது அந்த அறை வாசலில், தரையிலிருந்து 4, 5 அடி உயரத்தில், திறந்தாற்போல இருக்கட்டும். இரும்பு பீரோ மேலேயும் டிவிக்குப் பின்னாலும் ஃபிரிட்ஜ் பக்கத்திலும் வேண்டாம். பீரோ ஒன்று குறுக்கே நின்றால் ஒரு சுவருக்குச் சமம்.

பெட்டி அட்டையில் பார்க்க வேண்டியது 'ஏஎக்ஸ்' எண்ணை (வைஃபை 6 வேகம்) அல்ல, கேபிள் செருகும் போர்ட்டை. டிபி-லிங்க் டெகோவையே எடுத்துக்கொள்ளுங்கள். இ4 மாடலில் போர்ட் 10/100 தான் (அதிகபட்சம் 100 எம்பிபிஎஸ்), அதை வாங்கினால் உங்கள் 200 இணைப்பு 94-லேயே நிற்கும். எம்4 ஏசி1200 தான், ஆனால் இரண்டு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட். எக்ஸ்20 வைஃபை 6, ஏஎக்ஸ்1800, அதிலும் இரண்டு கிகாபிட். எக்ஸ்50 ஏஎக்ஸ்3000, மூன்று கிகாபிட் போர்ட், 160 மெகாஹெர்ட்ஸ் அகலம். 200 எம்பிபிஎஸ் இணைப்புக்கு கேபிளோடு எம்4 கூடப் போதும். ஐந்து வருஷம் ஓட வேண்டும் என்றால் எக்ஸ்20. எக்ஸ்50-இல் கூடுதலாகக் கிடைப்பதை இந்த வீட்டில் கண்ணால் பார்க்க மாட்டீர்கள்.

160 மெகாஹெர்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் 36-லிருந்து 64 வரை எட்டு சேனலை ஒன்றாகச் சேர்த்துத்தான் அந்த அகலம் வரும். அதில் 52-லிருந்து 64 வரை ரேடாருக்கு வழி விட வேண்டிய சேனல்கள். ரேடார் சத்தம் கேட்டதாகப் பெட்டி நினைத்தால் உடனே அந்த சேனலை விட்டு இறங்க வேண்டும். திரும்ப ஏறுமுன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். மீட்டிங் நடுவில் அறுந்துபோவதற்கு இது ஒரு காரணம். 80 மெகாஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

வைகை_வடகரை:

ஓஎன்டி கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே.

ரெண்டு வழி. சுலபமானது ஆக்சஸ் பாயிண்ட் மோடு: ஓஎன்டி ரவுட்டராகவே இருக்கும், மெஷ் பெட்டிகள் வைஃபை மட்டும் கொடுக்கும். டெகோ ஆப்பில் அட்வான்ஸ்டுக்குள்ளே ஆபரேஷன் மோடு இருக்கு, அதை மாத்தினா முடிஞ்சது. பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு போடுற வசதி இதில் போயிடும், அது வேணும்னா ரெண்டாவது வழிதான்.

ரெண்டாவது, ஓஎன்டியை பிரிட்ஜில் போட்டு (ரவுட்டர் வேலையை விட்டு லைனைக் கடத்த மட்டும் செய்யும்) முதல் மெஷ் பெட்டியில் பிபிபிஓஇ டயல் பண்றது, அதாவது யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணைக்கிறது. கை வைக்குமுன் யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் ஐடி (நிறுவனம் தரும் இணைப்பு எண்) மூணையும் எழுதி வாங்கிக்குங்க. சில நிறுவனங்கள் மேக் முகவரியையும் (பெட்டியின் தனி அடையாள எண்) பூட்டி வச்சிருப்பாங்க, போன் பண்ணி அவிழ்க்கச் சொல்லணும். லேண்ட்லைன் போனும் ஓஎன்டி வழியா வந்தா, இன்டர்நெட் இணைப்பை மட்டும் பிரிட்ஜ் பண்ணச் சொல்லுங்க, குரல் இணைப்பைத் தொட வேண்டாம். பிரிட்ஜும் பண்ணாம மெஷ்ஷை ரவுட்டர் மோடிலேயே விட்டுட்டா ஒரு நெட்வொர்க்குக்குள்ள இன்னொரு நெட்வொர்க் ஆயிடும். யூடியூப் ஓடும். ஆனா ஓஎன்டியில் நேரா செருகின பிரிண்டரோ ரெக்கார்டரோ வைஃபை போனுக்குக் கண்ணிலேயே படாது.

எந்த வழியானாலும் ஓஎன்டியின் வைஃபையை அணைக்கணும், 2.4, 5 ரெண்டையும். நிறைய பேர் மறக்கிறது இதைத்தான். பழைய வைஃபை பெயர், பாஸ்வேர்டையே புதுப் பெட்டிக்கும் வச்சிட்டா கேமரா, டிவி எல்லாம் தானா ஒட்டிக்கும். வைஃபை பாஸ்வேர்ட் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2-லேயே விடுங்க. பழைய கேமராக்கள் டபிள்யூபிஏ3 போட்டா உள்ளே வராது. வேகமா மாறும் ரோமிங்னு (ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுறது) ஒரு பொத்தான் இருக்கும், அதை முதல் வாரம் அணைச்சே வைங்க, சில சாதனங்களுக்கு அது ஆகாது.

திருநகர்வாசி:

அனைவருக்கும் நன்றி. பைப்பைப் பார்த்தேன். மொட்டை மாடியிலிருந்து மாடி ஹாலுக்கு மட்டும் டிடிஹெச் பைப் இறங்குது, கீழ்த்தளத்துக்கு இல்லை. கீழே கேபிள் டிவி ஒயர் ஜன்னல் வழியா வெளியிலிருந்து வருது. படிக்கட்டு நடு ஹாலை ஒட்டி, உள்ளேயே. சுவரை உடைக்க வீட்டில் சம்மதமில்லை. ஓஎன்டியில் நாலு லேன் போர்ட் இருக்கே, ஒன்றிலிருந்து கீழ்ப்பெட்டிக்கும் இன்னொன்றிலிருந்து மாடிப்பெட்டிக்கும் எடுக்கலாமா?

கேபிள்பித்தன்:

படிக்கட்டு உள்ளேயே இருக்குன்னா சுவரை உடைக்க வேண்டாம். கைப்பிடிச் சுவரை ஒட்டி 1 இன்ச் பிவிசி கேசிங்-கேப்பிங் பட்டை அடிச்சு அதுக்குள்ள கேபிளை விடுங்க, சுவர் நிறத்துல பெயின்ட் அடிச்சா தெரியாது. நடு ஹாலிலிருந்து மாடிப் பின்னறை வாசல் வரை 15, 18 மீட்டர் வரும். ரெண்டு முனையிலயும் ஒரு மீட்டர் சுருட்டி விட்டு, 20 மீட்டரா வாங்குங்க. வெளிச்சுவர் வழியா விட நினைச்சா கறுப்பு வெளிப்புறக் கேபிள், ஓட்டை வெளிப்பக்கம் சரியுற மாதிரி, நுழையும் முன்னால தண்ணி சொட்ட ஒரு தொங்கல். ஆனா இடி காலத்துல வெளியே ஓடுற செம்புக் கேபிள் ரெண்டு பக்கப் பெட்டியையும் சேர்த்துச் சாப்பிடும். உள்வழி இருக்கும்போது அது வேண்டாம்.

இன்னொரு யோசனை. ஓஎன்டியையே வாசலிலிருந்து நடு ஹாலுக்கு நகர்த்தச் சொல்லுங்க. ஃபைபர் நூல் மாதிரி மெலிசு, கதவு நிலைக்கு மேலேயே ஓடிடும். கூர்மையா மடக்கிடக் கூடாது, அவ்வளவுதான். லைன்மேன் அரை மணியில முடிச்சிடுவார், கீழ்ப்பெட்டியும் அதே இடத்துல உக்காந்துடும்.

லேன் போர்ட் கேள்வி நல்ல கேள்வி. ஆக்சஸ் பாயிண்ட் மோடுன்னா தாராளமா எடுக்கலாம். ரவுட்டர் மோடுன்னா கூடாது. மாடிப்பெட்டிக்கான கேபிள் கீழ்ப்பெட்டியின் ரெண்டாவது போர்ட்டிலிருந்துதான் கிளம்பணும். ஓஎன்டியிலிருந்து நேரா எடுத்தா மாடிப்பெட்டி முதல் பெட்டிக்கு வெளியே நிக்கும், அதோட உள் நெட்வொர்க்கில் சேராது.

கரண்ட்கட்:

பராமரிப்பு மின்தடை அன்னிக்கு இதெல்லாம் படுத்துடும், அதையும் கணக்குல வைங்க. ஓஎன்டி, கீழ்ப்பெட்டி, மாடிப்பெட்டி மூணுக்கும் கரண்ட் வேணும். மினி யுபிஎஸ்ஸில் 8800 எம்ஏஹெச்னு போட்டிருப்பாங்க. அது 3.7 வோல்ட் கணக்கு, 32 வாட்-மணி. 12 வோல்ட்டுக்கு ஏத்தும் இழப்பு போக 26. ஓஎன்டியும் ஒரு மெஷ் பெட்டியும் சேர்த்து 16 வாட் இழுத்தா ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே. காலை 9-க்குப் போய் சாயங்காலம் வர்ற கரண்டுக்கு இது காணாது, அதுக்கு இன்வெர்ட்டர் லைன்தான். அடாப்டர் வோல்ட் அச்சா ஒத்துப்போகணும், ஆம்பியர் சமமாவோ கூடுதலாவோ இருக்கலாம்.

நரிமேடு_நெட்:

கேபிள் எப்படியும் போடுகிறீர்கள் என்பதால் கூரையில் மாட்டும் ஆக்சஸ் பாயிண்டும் ஒரு வழி. டிபி-லிங்க் ஒமாடா ஈஏபி610 மாதிரி இரண்டு, ஒரு பிஓஇ ஸ்விட்ச். பெட்டிக்குத் தனி அடாப்டர் வேண்டாம், கேபிளிலேயே மின்சாரம் வரும், யுபிஎஸ் ஒரே இடத்தில் இருந்தால் போதும். மூன்று மாடி, வாடகைப் போர்ஷன் என்றால் இதைத்தான் சொல்வேன். இரண்டு தள வீட்டுக்கு, ஆப்பில் தட்டினால் போதும் என்பவருக்கு மெஷ்ஷே சரி.

திருநகர்வாசி:

ஓஎன்டி நடு ஹாலுக்கு வந்தாச்சு, எக்ஸ்20 ரெண்டு, படிக்கட்டு ஓரமா கேட்6, ஆக்சஸ் பாயிண்ட் மோடு. மாடியில் 93, 94-க்கு மேல ஏறவே இல்லை. கீழே 190.

கேபிள்பித்தன்:

93, 94-னா கிரிம்பிங். 100-க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடி ரெண்டு போதும், 1, 2, 3, 6 பின். 1000-க்கு நாலு ஜோடியும் வேணும். நீலம் அல்லது பிரவுனில் ஒரு இழை தலைக்குள்ள முனை வரை போய்ச் சேரலைன்னா பெட்டி சத்தமில்லாம 100-க்கு இறங்கிடும். பிழைன்னும் காட்டாது.

ரெண்டு தலையையும் வெளிச்சத்துல பிடிச்சு, கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கிற மாதிரி வச்சு இடமிருந்து பாருங்க: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். எட்டு செம்பு முனையும் பிளாஸ்டிக்கின் முன்சுவரைத் தொட்டிருக்கணும். குட்டையா இருக்கிற தலையை வெட்டிட்டு மறுபடி போடுங்க. ஒரு மீட்டர் சுருட்டி விடச் சொன்னது இதுக்குத்தான்.

திருநகர்வாசி:

மாடித் தலையில் பிரவுன் ஒரு மில்லிமீட்டர் குட்டை. வெட்டிப் போட்டதும் 187.