ஒலிப்பாடங்கள் முடிந்துவிட்டன, ஆனால் இந்தோனேசியர் பேசுவது புரியவில்லை

கேள்வி:

வணக்கம். நான்கு மாதங்களாக இந்தோனேசிய மொழியை ஒலிப்பாடங்கள் வழியாக மட்டுமே கற்று வருகிறேன். காலை நடைப்பயிற்சியின்போது அரைமணி நேரப் பாடம் ஒன்றைக் கேட்பது என் வழக்கம். 'எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள்' எனப் பாடத்தில் கேட்டவுடன் 'சாயா திடாக் தாஹு' என்று தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் எங்கள் நிறுவனத்தின் ஜகார்த்தா கிளையில் பணிபுரியும் ஒருவரோடு முதன்முறையாக அம்மொழியில் பேசிப் பார்த்தேன். நான் சொன்னது அவருக்குப் புரிந்தது. அவர் சொன்ன மறுமொழியிலோ ஓரிரு சொற்களுக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. 'ங்கா' என்ற ஒலியை அவர் அடிக்கடி சொன்னார். அப்படி ஒரு சொல் நான் கேட்ட பாடங்களில் எங்குமே வரவில்லை. பாடங்களை முதலிலிருந்து மறுபடி கேட்பதா, வேறு பாடத்திட்டத்துக்கு மாறுவதா, இனிப் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டுமா? கேட்ட சொற்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 1:

வணக்கம். நீங்கள் கேட்ட 'ங்கா' என்பது 'ங்காக்' என்ற சொல். 'இல்லை' என்ற பொருள் தரும் 'திடாக்' என்பதற்குப் பேச்சில் வழங்கும் வடிவம். சொல்லின் இறுதியில் வரும் 'க்' ஒலியை அவர்கள் பெரும்பாலும் வாய்க்குள் உச்சரிப்பதில்லை, தொண்டையை ஒரு கணம் அடைத்து நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் உங்கள் காதில் 'ங்கா' என்றே விழுந்தது. இதே போக்கில் 'ஆயிற்று' என்ற பொருளில் வரும் 'சுடாஹ்' என்பது 'உடா' என்றும், 'மட்டும்' என்ற பொருளில் வரும் 'சாஜா' என்பது 'ஆஜா' என்றும், வாங்குவதைக் குறிக்கும் 'மெம்பெலி' முன்னொட்டை உதிர்த்துவிட்டு 'பெலி' என்றும் சுருங்கும். 'தெரியும்' என்ற பொருளில் வரும் 'தாஹு' பேச்சில் 'தாவ்' ஆகிவிடும். 'ஹ' தெளிவாக ஒலித்தால் அது பெரும்பாலும் சோயா பாலில் செய்யும் தோஃபுவைக் குறிக்கும்.

'சாப்பிட்டுவிட்டீர்களா' என்று எழுதி 'சாப்டீங்களா' என்று பேசும் நமக்கு இந்த இடைவெளி புதிதன்று. தமிழ் கற்க வரும் ஒருவருக்குச் செய்தி வாசிப்பை மட்டும் கேட்கக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவில் கொண்டுபோய் விட்டால் அவர் எப்படித் திகைப்பாரோ, அந்த நிலையில்தான் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள். பாடத்தின் மீதும் குறை சொல்ல இயலாது. 'திடாக்' என்று பேசினால் எந்தத் தீவிலும் மரியாதை குறையாது. ஆகவே பேசுவதற்கு அந்த வடிவத்தையே வைத்துக்கொண்டு, கேட்பதற்கு மட்டும் மற்றதைத் தனியாகப் பழகுங்கள்.

எனக்குக் கைகொடுத்த பழகும் முறை இது: இரண்டு இந்தோனேசியர் இயல்பாக உரையாடும் ஒலிப்பதிவு ஒன்றிலிருந்து ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, காதில் விழுவதை அப்படியே எழுத முயல்வேன். முதல் நாளில் பாதிச் சொற்கள்கூடத் தேறாது. அதே ஒரு நிமிடத்தை நான்கைந்து நாள் கேட்டபின், 'உடா மாக்கான் பெலும்?' என்பது ஒரே இரைச்சலாக இல்லாமல் மூன்று சொற்களாகப் பிரிந்து கேட்கும். 'சாப்பிட்டாயிற்றா, இன்னும் இல்லையா?' என்பது அதன் பொருள். 'பெலும்' என்ற அந்த ஒற்றைச் சொல்லை நன்றாகக் கவனியுங்கள். திருமணம் ஆகிவிட்டதா என்று ஒருவர் கேட்டால், ஆகாதவர் 'திடாக்' என்று முடித்துவிடுவதில்லை, 'இன்னும் இல்லை' என்ற பொருளில் 'பெலும்' என்பார்.

பாடங்களை முழுமையாக மறுபடி கேட்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒலிவழி மொழிப்பாடங்களை உருவாக்கிய மொழியியலாளர் பால் பிம்ஸ்லர் 1967இல் எழுதிய கட்டுரையில், ஒரு சொல்லை 5 வினாடி, 25 வினாடி, 2 நிமிடம், 10 நிமிடம் என்று இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே நினைவுகூர வைக்கும் முறையை விளக்கினார். தடுமாறிய பாடத்தை மட்டும் சில நாள் கழித்து ஒருமுறை கேட்பது அந்த முறைக்கும் பொருந்தும்.

மறுமொழி 2:

தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் 'பாரு' என்று இருந்தால், அது 'பால்' என்பதில் உள்ள பகரமா, 'தம்பி' என்பதில் உள்ள பகரமா? முன்னதை இரட்டித்துச் சொன்னால் நுரையீரல், பின்னது 'புதிய' என்ற பொருள் தரும் சொல். 'காலி' என்பதும் அப்படியே: 'கல்' என்பதில் உள்ள ககரமானால் 'தடவை', 'தங்கம்' என்பதில் உள்ள ககரமானால் 'தோண்டு'. நான் இப்படி எழுதி வைத்த நூற்றுக்கணக்கான சொற்களைப் பின்னர் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது.

இந்தோனேசிய மொழி லத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. 1972இல் செய்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு மிகவும் நேராகிவிட்டது. சிக்கல் தருவது எகரத்துக்கான எழுத்து ஒன்றுதான். 'சுவையான' என்ற பொருள் தரும் 'எனாக்' என்பதில் அது நம் எகரம் போலவே ஒலிக்கும். 'ஆறு' என்ற எண்ணைக் குறிக்கும் 'எனாம்' என்பதிலோ அகரத்துக்கு அருகில் மங்கி ஒலிக்கும். இந்த வேறுபாட்டைப் பொதுவாக எழுத்தில் காட்டுவதில்லை என்பதால், இங்கே உங்கள் ஒலிப்பாடங்களே துணை.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். 'பாரு' இரண்டு இடத்தில் இருக்கிறது, ஓரிடத்தில் பொருளையும் நான் எழுதவில்லை. இன்னும் ஓர் ஐயம். என் பாடத்தில் எதிரில் இருப்பவரை 'ஆண்டா' என்றே அழைக்கக் கற்றுத் தந்தார்கள். நான் அப்படி அழைத்தபோது அந்த அலுவலக நண்பர் சற்றே புன்னகைத்தார். தவறாகச் சொல்லிவிட்டேனா?

மறுமொழி 3:

தவறில்லை, ஆனால் 'ஆண்டா' சற்று விலகி நிற்கும் சொல். விளம்பரங்களிலும் படிவங்களிலும் அது மிகுதியாக வரும். நேரில் பேசும்போது வயதில் அல்லது பதவியில் மூத்த ஆணைப் 'பாபாக்' அல்லது 'பாக்' என்றும், பெண்ணை 'இபு' அல்லது 'பு' என்றும் அழைப்பார்கள். ஏறத்தாழ ஒத்த வயதினரில் ஆணை 'மாஸ்' என்றும், பெண்ணை 'ம்பாக்' என்றும் அழைப்பது ஜாவாவில் வழக்கம். இந்த உறவுச் சொல்லே 'நீங்கள்' என்பதன் இடத்திலும் நிற்கும்: 'பாபாக் மாவு கெ மானா?' என்றால் 'ஐயா எங்கே போகிறீர்கள்?' என்று நாம் கேட்பதைப் போன்றது.

நம் மொழி கைகொடுக்கும் இன்னோர் இடமும் உண்டு. ஆங்கில வழிப் பாடங்கள் நெடுநேரம் விளக்கும் 'கிதா', 'காமி' என்ற வேறுபாடு நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்பதே. ஆயினும் ஜகார்த்தாப் பேச்சில் 'காமி' வர வேண்டிய இடத்திலும் 'கிதா' வந்து விழுவதைக் கேட்பீர்கள். உங்கள் நண்பர் 'போகிறோம்' என்ற பொருளில் 'கிதா பெர்கி' என்றால் உங்களையும் சேர்த்துத்தான் கிளம்பச் சொல்கிறாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.