இயற்கைத் தேர்வைக் கண்ணால் காட்ட வழி உண்டா?

காரைக்குடி அருகே பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். இயற்கைத் தேர்வுக்கு, அதாவது சூழலுக்கு ஏற்ற பண்புள்ள உயிர்களே அதிகம் பிழைத்துப் பெருகுவதற்கு, சான்றாக பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர்களின் ஆய்வைச் சொன்னேன்: 1977 வறட்சியில் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னே மேஜர் தீவில் சிறிய விதைகள் அருகி, பெரிய கடின விதைகளே மிஞ்சிப்போக, தடித்த அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன, 1978இல் பொரித்த குஞ்சுகளின் அலகும் சராசரியில் தடித்தே இருந்தது. பிள்ளைகள், "அது கலாபகோஸ். இங்கே காட்டுங்கள்" என்கிறார்கள்.

சிவப்பு ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் பாசிப்பயறும் செந்துவரையும் இறைத்து, பறவைபோல் பொறுக்கச் சொன்னேன். பச்சைதான் முதலில் தீர்ந்தது. உடனே ஒருத்தி, "தப்பிய துவரைக்குப் பிள்ளை பிறக்கவில்லையே ஐயா?" என்றாள். எவ்வளவு சரியான கேள்வி! பண்பு அடுத்த தலைமுறைக்குப் போகாவிட்டால் அது பரிணாமமே அல்ல.

வாழைப்பழம் வைத்துப் பழ ஈ வளர்த்தேன். பங்குனி வெயிலில் புட்டியோடு மடிந்தன. கையில் ஒரு நுண்ணோக்கியும் நான்கு வாரமும் இருக்கின்றன.

இந்த வெயிலைத் தாங்கி, அதற்குள் இரண்டு தலைமுறையாவது காட்டக்கூடிய உயிர் எது?