புதினா தழையவே மாட்டேங்குது, உதவுங்க

தொட்டிச்செடி: புதினா முதல்ல நல்லாத்தான் தழைஞ்சுது. இப்போ பறிக்கப் பறிக்க இலை சின்னதாகுது, குச்சி நீளமா போய்ச் சாயுது, வாசனையும் இல்ல. தினமும் தண்ணி ஊத்துறேன். என்ன செய்யலாம்? அவசரம்.

மண்புழு: தொட்டியா தரையா? வெயில் எவ்வளவு நேரம் படுது? இலையா கிள்ளுறீங்களா, தண்டோட வெட்டுறீங்களா?

கீரைப்பாத்தி: சந்தேகமே வேணாம், மெக்னீசியம் குறைபாடு. எப்சம் உப்பு கரைச்சுத் தெளிங்க.

மண்புழு: அப்படின்னா அடி இலையில நரம்பு மட்டும் பச்சையா நின்னு இடையில மஞ்சளாகும். அவர் மஞ்சள்னே சொல்லலையே?

தொட்டிச்செடி: தொட்டிதான். இலை மட்டும் கிள்ளுவேன்.

வேரடி: இதே கேள்விக்கு இங்கயே பலமுறை எழுதியாச்சு. பழைய இழையைத் தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்குமே இல்ல. சரி, கேட்டுக்கோங்க. புதினா மண்ணுக்கடியில ஓடுற தண்டால பரவுற செடி. தொட்டியில ஓட இடம் தீர்ந்தா சுவரோரமா சுத்திப் பின்னிக்கும், நடு மண்டை கட்டையாயிடும். கவிழ்த்துப் பாருங்க. இனிமே கணுவுக்குச் சற்று மேல தண்டோட வெட்டுங்க, அந்தக் கணுவுல ரெண்டு பக்கமும் கிளை வெடிக்கும்.

தேன்கூடு: மொட்டு விடுறதுக்கு முன்னாடி அறுத்தாதான் மணம் தூக்கலா இருக்கும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டாலும் இலை வரும், மணம் குறையும். இலைக்கு அடியில ஆரஞ்சுப் பொட்டு இருக்கான்னும் திருப்பிப் பாருங்க. இருந்தா துரு நோய், வெட்டினதை மக்குக் குழியில போடக் கூடாது.

கீரைப்பாத்தி: பூக்க விட்டா விதை எடுக்கலாமே?

வேரடி: மிளகுப் புதினா கலப்பினம், மலடு. மத்த வகையிலும் விதைக்கன்று தாய்ச்செடி மாதிரி வரும்னு நம்ப முடியாது. ஒரு தண்டை ஒடிச்சுத் தண்ணில வச்சா வேர் விடுற செடிக்கு விதை எதுக்கு?

கீரைப்பாத்தி: நான் விதையில வளர்த்திருக்கேன் ஐயா. நல்லாவே வந்துது.

வேரடி: வந்தது எந்தப் புதினான்னு அதுக்கே தெரியாது.

தேன்கூடு: ரெண்டு பேரும் விடுங்கப்பா. தேனீக்காகவாவது ஒரு கொத்து பூக்கட்டும்.

தொட்டிச்செடி: கவிழ்த்தேன். மண்ணே தெரியல, வெள்ளையா கயிறு சுத்தின மாதிரி இருந்துது. ஓரத்துத் துண்டுகளை வேற தொட்டியில வச்சாச்சு. நன்றி.

மண்புழு: மிச்சக் கட்டையைத் தரையில வீசிடாதீங்க. துண்டு வேர் பிடிச்சா அப்புறம் பாத்தி முழுக்கப் புதினாதான்.