கலைச்சொல்: ‘டாக்டிகல் எட்ஜ்’ – களவிளிம்பா, கடைமடையா?

அண்ணாச்சி, வணக்கம்.

> ‘எட்ஜ்’ என்றால் விளிம்பு என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். ‘டாக்டிகல் எட்ஜ்’ என்றால் களவிளிம்பு. போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போக வேண்டாம் அண்ணாச்சி, இந்த ஒரு சொல்லில் கொஞ்சம் நிற்போம். தலைமையிலிருந்து பார்த்தால் களத்தில் கடைசியாக நிற்கிற முகாமைத்தானே ‘டாக்டிகல் எட்ஜ்’ என்கிறார்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் ராணுவத் தளவாட மென்பொருள் கட்டுரையின் வரைவை நேற்று இரண்டு தடவை படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் களவிளிம்பு வருகிற இடங்களில் எல்லாம் பொருள் நழுவுகிறது. விளிம்பு என்பது ஒரு பொருள் முடிகிற இடம், அவ்வளவுதான். தட்டுக்கு விளிம்பு உண்டு, கிணற்றுக்கு விளிம்பு உண்டு, அங்கே எதுவும் போய்ச் சேர வேண்டியதில்லை. உங்கள் கட்டுரை முழுக்கப் பேசுவதோ போய்ச் சேராததைப் பற்றி.

என் பரிந்துரை கடைமடை, வாய்க்கால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடம்.

அம்மா ஊர் கோரம்பள்ளத்துக்குப் பக்கம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, அதில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து கிளம்புகிற வடகால் வழியிலுள்ள குளங்களை எல்லாம் நிரப்பிக்கொண்டு கடைசியில் கோரம்பள்ளம் குளத்தில் வந்து முடியும். பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று தினமும் பேப்பரில் போடுவார்கள். தாத்தா அதைப் படித்துவிட்டு, “அங்கன இருக்கு சரி, இங்கன எப்பம் வரும்?” என்று கேட்பார். ராணுவத் தளவாட மென்பொருளைப் பற்றி நான் படித்த அத்தனை தோல்விக்கும் அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது. தலைமைக் கிட்டங்கியின் திரையில் நூறு டயர் இருக்கிறது. கூடாரத்தில் நிற்கிற ஸ்டோர்க்காரர் கையில் ஒன்றுகூட இல்லை. அந்த நூறு எப்போது வரும் என்று கேட்கவும் அவருக்கு லைன் கிடைக்கவில்லை.

தளவாடம் என்றதும் துப்பாக்கிக் கணக்கு என்று நம் வாசகர்கள் நினைக்கக்கூடும். பெரும்பாலும் அது டயர், டீசல், பில்ட்டர், மருந்து, சாப்பாட்டுக் கணக்குத்தான். 1991 வளைகுடாப் போருக்கு அமெரிக்கா ஏறத்தாழ 40,000 கன்டெய்னர்கள் அனுப்பியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பாதிக்கு மேற்பட்டவற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. எது எங்கே என்று தெரியாதபோது ஒவ்வொரு படைப்பிரிவும் கேட்டதையே மறுபடி மறுபடி கேட்கும், சரக்கு இன்னும் குவியும், குவிந்ததில் எதையும் தேடி எடுக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற வேகத்துக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

அந்த வேகத்தில் அமெரிக்க விமானப்படை பட்ட பாட்டை உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியில் முடித்துவிட்டீர்கள், அதை விரிக்க வேண்டும். 240-க்கும் மேற்பட்ட பழைய அமைப்புகளை எடுத்துவிட்டு ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருள் அடிப்படையில் ஒன்றே ஒன்றை வைக்கப் பார்த்தார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்த பிறகு 2012 நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். இன்னும் 110 கோடி டாலர் போட்டாலும், முதலில் திட்டமிட்டதில் கால்பங்குதான் 2020 வாக்கில் கைக்கு வரும் என்று கணக்கிட்டிருந்தார்கள். செனட் துணைக்குழு 2014-இல் இதை விசாரித்து அறிக்கை கொடுத்தது. வேலை செய்கிற முறையை மாற்றிக்கொள்ள விமானப்படை தயாராக இல்லை, இருக்கிற அமைப்புகள் எப்படி ஓடுகின்றன என்பதே முழுதாகப் பிடிபடவில்லை, அதோடு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றப் பார்த்தார்கள்.

அதே நாட்டின் தரைப்படை எஸ்ஏபி என்ற இன்னொரு நிறுவனத்தின் மென்பொருள் அடிப்படையில் செய்ததைப் பாருங்கள். இரண்டு அலையாகப் பிரித்தார்கள். முதல் அலையில் கிட்டங்கிக் கணக்கு. அது 2015 கடைசியில் முடிந்த பிறகு இரண்டாவதில் உடைமைப் பதிவேடும் பழுதுபார்ப்பும். 2017-இல் முடித்தபோது ஏறத்தாழ 1,40,000 பேர் அதைப் பயன்படுத்தும் நிலைக்கு வந்திருந்தார்கள். களத்திலிருந்து மையத்தோடு இணைய, படைப்பிரிவுகளுக்குச் சிறு செயற்கைக்கோள் தட்டுகளும் உண்டு.

ஆனால் தட்டு கொடுத்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. ஒரு கேள்வி மேலே ஏறி, மையத்துக்கு இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப அரை வினாடி ஆகும். ஒளியின் வேகமே அவ்வளவுதான், யாரும் குறைக்க முடியாது. அரை வினாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பெரிய நிறுவன மென்பொருள்களில் ஒரு திரை திறப்பதற்குள் அது மையத்தை நாற்பது தடவை கேட்கும். ஒவ்வொன்றும் முந்தினதன் பதிலுக்குக் காத்திருந்தால் இருபது வினாடி. நடுவில் லைன் அறுந்தால் முதலிலிருந்து. சென்னையில் பைபர் லைனில் உட்கார்ந்து சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது.

போதாததற்கு ராணுவத்தில் வலையமைப்பு ஒன்றல்ல. ரகசியத்துக்குத் தனி வலை, சாதாரணத்துக்குத் தனி வலை, இடையில் கம்பியே கிடையாது, அல்லது ஒரு பக்கம் மட்டும் போகிற வழி. ஒரு சின்னத் திருத்தம் வந்தாலும் ஒவ்வொரு வலைக்கும் தனித்தனியாகப் பாதுகாப்பு ஒப்புதல் வாங்கித்தான் ஏற்ற வேண்டும். அதற்குள் ஒரு முகாமில் பழைய பதிப்பும் இன்னொன்றில் புதியதும் ஓடும்.

இதைச் சின்ன அளவில் நானே பார்த்திருக்கிறேன். ராணுவம் இல்லை, நம் பக்கத்தில் ஒரு மொத்த விநியோகக்காரர். பதினோரு கிட்டங்கிக்கு இருப்பு மென்பொருள் நிறுவினோம். பாளையங்கோட்டைத் தலைமை அலுவலகத்தில் அருமையாக ஓடியது. முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். மலையடிவாரத்தில் இருந்த கடைசிக் கிட்டங்கியில் மழை பெய்தால் லைன் போய்விடும், போனால் திரை உறைந்துவிடும். அங்கிருந்த பையன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அதில் எழுத ஆரம்பித்தான். மூன்று மாதம் கழித்துச் சரக்கை எண்ணிப் பார்த்தோம். நோட்டுக்கும் சரக்குக்கும் அட்சரம் பிசகவில்லை, கம்ப்யூட்டர் கணக்குத்தான் தப்பு. அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. பதினொன்றில் பத்து ஓடுகிறது என்று ரிப்போர்ட் எழுதியவன் நான்.

அதனால்தான் இந்தப் பிடிவாதம். களவிளிம்பு என்று படிக்கிற ஒரு பொறியாளருக்கு அது வரைபடத்தில் ஒரு கோடு. கடைமடை என்று படித்தால், அங்கே எட்டாவிட்டால் மேலே எத்தனை அடி நின்றும் பிரயோசனமில்லை என்று நம்மூரில் யாரும் சொல்லித் தர வேண்டாம்.

இன்னொன்று. ‘டிப்ளாய்’ வருகிற இடமெல்லாம் ‘வரிசைப்படுத்தல்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது இயந்திர மொழிபெயர்ப்பு பரப்பிவிட்ட பழக்கம். நமக்கு வரிசைப்படுத்தல் என்றால் ஏறுவரிசை, இறங்குவரிசை. படையைக் களத்தில் நிறுத்துகிறோம், மென்பொருளை நிறுவுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், தமிழில் அந்தக் குழப்பம் இல்லை, நாமாக ஏன் இழுத்துப்போட வேண்டும்?

*

அம்பாசமுத்திரம் அக்கா எழுதியது:

> தம்பி, கடைமடை மனசுக்குப் பிடிக்கிறது. ஆனால் ஒரு ஐயம். வாய்க்காலில் தண்ணீர் ஒரு திசையில்தான் போகும். தளவாடத் தகவல் அப்படியா? கடைசி முகாமில் என்ன செலவானது என்பது மேலே வந்தால்தானே மேலே இருப்பவன் அனுப்ப முடியும்? உருவகம் பாதியில் நின்றுவிடாதா? வேண்டுமானால் திரும்பி வருவதற்கு மறுகால் என்று வைத்துக்கொள்ளலாமா?

*

அக்கா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒருதிசைக் கடைமடையும் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நம் மாவட்டத்தோடேயே தொடர்புடையது. விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற கடற்படை வானொலி நிலையம் இருக்கிறதல்லவா, 1990 முதல் நம் கடற்படை அங்கிருந்து மிகத் தாழ் அலைவரிசையில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் இறங்காது. இந்த நீண்ட அலை மட்டும் சில பத்து மீட்டர் இறங்கும். அலை அவ்வளவு நீளம் என்பதால்தான் கோபுரங்களும் அவ்வளவு உயரம். விலை என்னவென்றால், வினாடிக்குச் சில நூறு பிட் தேறினாலே அதிகம், அப்புறம் நீர்மூழ்கியால் அதே வழியில் பதில் சொல்லவும் முடியாது, அவ்வளவு பெரிய கோபுரத்தைக் கப்பலில் எங்கே நட்டுவது? வந்ததை வாங்கிக்கொண்டு இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும். கடைமடை என்ற சொல் இங்கே ஒட்டுப்போடாமல் பொருந்துகிறது.

மற்ற முகாம்களுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, தகவல் திரும்பி வர வேண்டும். ஆனால் அதற்கு மறுகால் வேண்டாம் அக்கா. ‘மறு’ என்ற எழுத்தைப் பார்த்தால் திரும்புவது போலத் தோன்றும். ஆனால் குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்த குளத்துக்குத்தானே போகும், அணைக்கு ஏறாதே? அந்தச் சொல்லை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம். மையத்தோடு லைன் இல்லாதபோது ஒரு முகாம் தன்னிடம் தேங்கியதைப் பக்கத்து முகாமுக்குத் தள்ளிவிடும், அதற்கு லைன் கிடைக்கும்போது அது கடத்தும். மறுகால் அதற்கு அளவெடுத்தாற்போல இருக்கிறது.

திரும்பி ஏறுவதற்குத் தண்ணீரை விட்டுவிட்டுக் கடைக் கணக்குக்குப் போவோம். ஏன் என்று ஒரு உதாரணம். இரண்டு முகாம்கள் ஒரே கிட்டங்கியை நம்பியிருக்கின்றன. லைன் அறுந்த நேரத்தில் இரண்டு பேர் திரையிலும் ‘பில்ட்டர் 10’ என்று நிற்கிறது. இருவரும் எட்டெட்டு ஒதுக்குகிறார்கள். லைன் வந்ததும் இருவரும் ‘மீதி 2’ என்று மேலே அனுப்பினால் மையமும் 2 என்றே நம்பும், பதினாறு ஒதுக்கியது மறைந்துபோகும். ‘எட்டு எடுத்தேன்’, ‘எட்டு எடுத்தேன்’ என்று நடந்ததை அனுப்பினால் மைனஸ் ஆறு என்று உடனே தெரியும், ஒருவரைக் கூப்பிட்டு ‘உனக்கு இரண்டுதான்’ என்று சொல்லலாம். மீதியை அனுப்பாதே, நடந்ததை அனுப்பு என்பதுதான் இதில் உயிர்நாடி. ‘சிங்க்’ என்பதற்கு வழக்கமாக எழுதுகிற ‘ஒத்திசைவு’ என்ற சொல்லில் இது இல்லவே இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட வேண்டும் என்று மட்டும்தான் அது சொல்கிறது. ‘மீதி 2’ என்று ஒன்றாகிப்போன தப்புக் கணக்கும் ஒத்திசைவுதானே.

நம் பலசரக்குக் கடைகளில் அன்றாடம் நடப்பதைச் சிட்டையில் எழுதுவார்கள், பிறகு கணக்கு வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். கணக்குப்பதிவியல் பாடத்தில் இதற்கு எடுத்தெழுதுதல் என்று பெயர். சிட்டையை யாரும் அழிக்க மாட்டார்கள், தேதி வாரியாக அப்படியே கிடக்கும். அந்த மலையடிவாரப் பையன் நாற்பது பக்க நோட்டில் வைத்திருந்தது சிட்டை. நாங்கள் பேரேட்டை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டு, சிட்டைக்கு மென்பொருளில் இடமே விடவில்லை.

ஆகவே அண்ணாச்சி, வரைவில் இப்படி மாற்றிப் பாருங்கள்: டாக்டிகல் எட்ஜ் வருகிற இடத்தில் கடைமடை, லைன் இல்லாதபோது முகாமிலேயே சேரும் பதிவுக்குச் சிட்டை, மையத் தரவுத்தளத்துக்குப் பேரேடு, லைன் வந்ததும் நடப்பதற்கு எடுத்தெழுதுதல். மூன்றாம் பத்தியில், “இணைப்பு அறுந்தாலும் கடைமடை தன் சிட்டையை வைத்து ஓட வேண்டும், இணைப்பு வந்ததும் பேரேட்டில் எடுத்தெழுதப்பட வேண்டும்” என்று போட்டு வாய்விட்டுப் படித்தேன், ஓர் இடத்திலும் தட்டவில்லை.

மறுகாலுக்கு மட்டும் இன்னும் வாக்கியம் அமையவில்லை. “தகவல் மறுகால் பாய்ந்தது” என்றால் வெளியே கசிந்துவிட்டது என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, ராணுவக் கட்டுரையில் அது ஆபத்து. அக்கா, உங்களுக்கு ஒரு வாக்கியம் அமைந்தால் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை வரை அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவைக்கலாம்.